தூணுக்குத் தச்சர் உண்டு, உலகுக்கு?

திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலின் மணி மண்டபத்தில் இசைத் தூண்களுக்கு முன்னால் எப்போதும் ஒரு சிறு கூட்டம் நிற்கும். ஒரே கல்லில் நடுவே பருத்த தண்டு. அதைச் சுற்றி மெல்லிய சிறு தூண்கள் 48. ஒன்றைத் தட்டினால் ஒரு சுரம், அடுத்ததைத் தட்டினால் வேறொரு சுரம். அங்கே குடும்பத்தோடு வருகிறவர்களிடம் இப்படி ஒரு பேச்சு நடப்பது வழக்கம்.

“கல்லுக்குள்ள பாட்டு எப்படி ஆச்சி வந்துச்சு?” என்று பேரன் கேட்பான்.

“எல்லாம் நெல்லையப்பன் செயல்தான், ராசா.”

“கல்தச்சன் செஞ்சதும்மா அது. அவன் கைவேல” என்பார் கூட வந்த மகன்.

ஆச்சி விடமாட்டார். “சரிப்பா. அந்தத் தச்சனுக்கு மூளையக் குடுத்தது யாரு?”

உலகத்தின் பெரிய தத்துவ நூல்கள் பலவும் ஆச்சியின் இந்தக் கேள்வியைத்தான் நூற்றுக்கணக்கான பக்கங்களில் கேட்டிருக்கின்றன. அதில் இரண்டு படிகள் இருக்கின்றன. தூணிலிருந்து தச்சருக்குப் போவது முதல் படி. தச்சரிலிருந்தும் கல்லிலிருந்தும் மலையிலிருந்தும் கடவுளுக்குப் போவது இரண்டாம் படி. முதல் படியை யாரும் சந்தேகிப்பதில்லை. இரண்டாம் படியும் அதே அளவுக்கு உறுதியானதுதானா என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி.

கல் எப்படிப் பாடுகிறது?

முதலில் பேரனுக்குப் பதில் சொல்லிவிடுவோம். அவன் கேட்டது சோதித்துப் பார்த்துப் பதில் சொல்லக்கூடிய கேள்வி.

இசைத் தூண்கள் உள்ளே குடையப்பட்டவை, அதனால்தான் ஒலிக்கின்றன என்று பலர் நம்புகிறார்கள். ஹம்பி விட்டலர் கோயிலின் இசைத் தூண்களைக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் கல்லுக்குச் சேதம் வராத முறைகளில் சோதித்து, முடிவுகளை 2008-இல் வெளியிட்டார்கள். தூண்களுக்குள் குடைவு எதுவும் இல்லை, அவை முழுக் கல். தட்டும்போது தூண் கண்ணுக்குத் தெரியாத அளவில் பக்கவாட்டில் வளைந்து நிமிர்கிறது. இதை ‘வளைவு அதிர்வு’ என்போம். காதில் சுரமாக விழுவது இதுதான்.

இதை வைத்து நாமே ஒரு தூண் செய்து பார்க்கலாம், கற்பனையில். உயரம் 1 மீட்டர். நாலு பக்கமும் 8 சென்டிமீட்டர் தடிமன். மேல்முனையும் கீழ்முனையும் தாய்க் கல்லோடு ஒட்டியிருக்கின்றன. நல்ல கருங்கல்லில் அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். இந்த விவரங்கள் போதும். கணக்குப் போட்டால், நம் தூண் நொடிக்குச் சுமார் 370 முறை வளைந்து நிமிரும் என்று வருகிறது. இந்த எண்ணிக்கைக்கு அதிர்வெண் என்று பெயர். இந்தத் தூணின் ஒலியையே ‘ஸ’ என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது ‘ரி’ வேண்டும். ‘ஸ’ 8 பங்கு என்றால் சதுச்ருதி ரிஷபம் 9 பங்கு. உயரம் மாறாதவரை, தடிமன் எத்தனை மடங்கு கூடுகிறதோ அத்தனை மடங்கு அதிர்வெண்ணும் கூடும். ஆகவே பக்கத்துத் தூணை 9 சென்டிமீட்டர் தடிமனில் செதுக்கினால் ‘ரி’ கிடைத்துவிடும். ‘ப’ ஒன்றரை மடங்கு, அதற்கு 12 சென்டிமீட்டர். மேல் ‘ஸ’ இரு மடங்கு, அதற்கு 16 சென்டிமீட்டர். அவ்வளவு பருமன் வேண்டாம் என்றால் உயரத்தைக் குறைக்கலாம். உயரம் பாதியானால் அதிர்வெண் நான்கு மடங்காகும் என்பது இந்த அதிர்வின் இயல்பு. அதனால் 8 சென்டிமீட்டர் தூணையே 71 சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்தினால் மேல் ‘ஸ’ பேசும்.

காகிதத்தில் எளிது. உளி பிடித்தவரின் நிலையில் நின்று பாருங்கள். அந்த 8 சென்டிமீட்டர் தூணில் எதிரெதிர்ப் பக்கங்களில் அரை அரை மில்லிமீட்டர் கூடுதலாகக் கொத்திவிட்டால் தடிமன் 1 மில்லிமீட்டர் குறையும், சுருதி 1.25 சதவீதம் இறங்கும். அடுத்தடுத்த இரண்டு சுரத்தானங்களுக்கு இடையே இருப்பதே ஏறத்தாழ 6 சதவீதம்தான். தேர்ந்த காதுக்கு அந்தப் பிசகு கேட்டுவிடும். கல்லில் எடுத்ததைத் திரும்ப ஒட்டவும் முடியாது. போதாததற்கு, எந்தக் கல்லும் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருப்பதில்லை. வெறும் அளவை நம்பி இந்த வேலையைச் செய்ய முடியாது. தட்டி, கேட்டு, கொஞ்சம் கொத்தி, மறுபடியும் தட்டி, மறுபடியும் கேட்டுத்தான் செய்திருக்க வேண்டும். அந்தப் பொறுமையை நினைத்தால் கை தானாகக் குவிகிறது.

தச்சரை நாம் எப்படி அறிந்தோம்?

அந்தத் தச்சரை நாம் பார்த்ததில்லை, பெயரும் தெரியாது. கோயில் வரலாறு ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியன் நின்றசீர் நெடுமாறனைச் சொல்கிறது. இத்தகைய கூட்டுத் தூண்கள் பெருகியது விஜயநகர, நாயக்கர் காலங்களில் என்கிறது கட்டடக் கலை வரலாறு. எந்தக் காலமானாலும், ஒருவர் இருந்தார் என்பதில் நமக்குத் துளியும் ஐயமில்லை. கண்டதைக் கொண்டு காணாததை முடிவு செய்யும் இந்த முறைக்கு நம் தருக்க நூல்கள் வைத்த பெயர் அனுமானம். இப்போது பேச்சு வழக்கில் அனுமானம் என்றால் ஊகம் என்றாகிவிட்டது. தருக்கத்தில் அது அப்படியல்ல, புகையைக் கண்டு நெருப்பை அறிவதுபோல விதிகளுக்கு உட்பட்ட அறிவு.

அனுமானம் எதைப் பிடித்துக்கொண்டு நின்றது? “கல் பாடுகிறது, ஆகவே தச்சர் உண்டு” என்பதா? அது போதாது. கர்நாடகத்தில் பல்லாரிக்கு அருகே குப்கல் குன்றில், தட்டினால் கணீரென்று ஒலிக்கும் பாறைகள் கிடக்கின்றன. அவற்றை யாரும் செய்யவில்லை. எரிமலைக் குழம்பு இறுகிய கருநிறப் பாறை, இயற்கையாகப் பிளந்து உருண்டு நின்ற விதத்தில் ஒலிக்கிறது. புதிய கற்கால மக்கள் அவற்றைத் தட்டித் தட்டி உண்டாக்கிய குழிகள் இன்றும் தெரிகின்றன. ஆக, தச்சர் தொடாத கல்லும் பாடும்.

நெல்லைத் தூணில் நம்மை உறுதிப்படுத்துவது ஒப்பீடு. உளி படாத பாறை எப்படி இருக்கும் என்று பொதிகை மலையில் பார்த்திருக்கிறோம். உளி பட்ட கல் எப்படி இருக்கும் என்று கோயிலுக்குக் கோயில் பார்த்திருக்கிறோம். சிலை செதுக்குகிறவர்களை வேலை நடக்கும் இடத்திலேயே பார்க்கிறோம். செய்தவர் உள்ள கற்கள் ஒரு வரிசை, செய்தவர் இல்லாத கற்கள் இன்னொரு வரிசை. தூண் எந்த வரிசையில் சேரும் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. இந்த இரண்டு வரிசைகளும் இல்லையென்றால் அனுமானத்துக்கு உயிரில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

விக்கிரமசிங்கபுரத்தின் மகன்

தாமிரபரணி மலையிலிருந்து இறங்கிச் சமவெளியைத் தொடும் பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது விக்கிரமசிங்கபுரம். 18-ஆம் நூற்றாண்டில் அங்கே பிறந்து, திருவாவடுதுறை ஆதீனத்தில் துறவு பூண்டு, 1785-இல் மறைந்தவர் சிவஞான முனிவர். மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் 12 சூத்திரங்களில் அருளிய சிவஞானபோதத்துக்கு இவர் எழுதிய மாபாடியம், தமிழில் தருக்கம் எவ்வளவு கூர்மையாக நடக்க முடியும் என்பதற்குச் சான்று.

சிவஞானபோதத்தின் முதல் சூத்திரமே கடவுள் உண்டு என்பதற்கான அனுமானம். நூல் துதியோடு தொடங்கி நின்றுவிடவில்லை, வாதத்தோடு தொடங்குகிறது. அதன் போக்கைச் சுருக்கமாகச் சொன்னால் இது: ஆண், பெண், அஃறிணை என்று சுட்டிக் காட்டக்கூடிய இந்த உலகம் தோன்றுகிறது, நிலைக்கிறது, ஒடுங்குகிறது. அப்படித் தோன்றி மறைவது தானாக நிகழாது. ஆகவே அதை நிகழ்த்தும் முதல்வன் ஒருவன் உண்டு. சைவ சித்தாந்தம் இதற்குக் குயவனைக் காட்டும். மண் மாயை, சக்கரமும் தண்டும் சக்தி, குயவன் இறைவன்.

வடமொழியில் நியாய மரபினர் இதே வாதத்தைப் பல நூற்றாண்டுகள் வளர்த்தார்கள். உதயணர் ‘நியாய குசுமாஞ்சலி’ என்ற நூல் முழுவதையும் கடவுளை நிறுவவே எழுதினார். கடவுளை மறுத்த பௌத்தர்களும் சமணர்களும் மீமாம்சகர்களும் எதிரே நின்றார்கள். எதிராளி வேதத்தை ஏற்காதவராக இருக்கும்போது வேதத்தை மேற்கோள் காட்டிப் பயனில்லை. இருவருக்கும் பொதுவான அறிவைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும். இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. நம்பிக்கையாளர், நம்பாதவரின் முற்றத்துக்கே போய், அவருடைய அளவுகோலையே வாங்கி அளந்து காட்ட முன்வருகிறார்.

ஸ்ரீரங்கத்து மறுப்பு

இந்த வாதத்தை நாத்திகர்கள் மறுத்தது வியப்பில்லை. அதை மிகத் தெளிவாக மறுத்தவர்களில் ஒருவர் ராமானுசர் என்பதுதான் நாம் நின்று யோசிக்க வேண்டிய செய்தி. 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த, வைணவம் ஆசாரியராகக் கொண்டாடும் அதே ராமானுசர்.

பிரம்ம சூத்திரத்துக்கு அவர் எழுதிய உரை ஸ்ரீபாஷ்யம். அதன் முதல் அத்தியாயத்தில் மூன்றாவது சூத்திரத்துக்கு வரும்போது, “உலகம் செய்யப்பட்ட பொருள், ஆகவே செய்தவன் உண்டு” என்ற அனுமானத்தை முதலில் அதன் முழு வலிமையோடும் எடுத்து வைக்கிறார். பிறகு ஒவ்வொரு கட்டாகப் பிரிக்கிறார்.

அவர் வைக்கும் தடைகளை நம் தூணோடு வைத்துப் பார்ப்போம். மலையும் கடலும் செய்யப்பட்டவை என்றே ஒப்புக்கொள்வோம். ஒரே காலத்தில், ஒருவராலேயே செய்யப்பட்டவை என்று எங்கிருந்து தெரிந்தது? நாம் பார்க்கும் பொருள்கள் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கைகளால் ஆனவை. நெல்லையப்பர் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள், அது ஒரு தலைமுறையில் எழுந்ததல்ல. உலகம் ஏன் பலருடைய வேலையாக இருக்கக் கூடாது?

அடுத்தது இன்னும் ஆழமானது. நாம் கண்ட தச்சர்கள் எல்லோருக்கும் உடம்பு உண்டு, களைப்பு உண்டு, அறிவுக்கு எல்லை உண்டு. தச்சரைப் பார்த்து உலகத்தைச் செய்தவரை ஊகித்தால், வந்து நிற்பவரும் உடம்புள்ள, எல்லையுள்ள ஒருவராகத்தான் இருப்பார். இல்லை, அவர் உடம்பில்லாதவர், எல்லாம் அறிந்தவர் என்று சொன்னால், எந்தத் தச்சரைக் காட்டி அனுமானம் தொடங்கியதோ அந்தத் தச்சரோடு ஒப்புமை அறுந்துவிடுகிறது. உவமையை வைத்துக்கொண்டால் கடவுள் சிறுத்துப்போகிறார். உவமையை விட்டால் நிரூபணம் போகிறது.

ராமானுசரின் முடிவு: பரம்பொருளை அறிவதற்குச் சாத்திரம் ஒன்றே வழி, அனுமானம் அங்கே எட்டாது.

ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் எழுதிய ‘இயற்கைச் சமயம் பற்றிய உரையாடல்கள்’ 1779-இல், அவர் இறந்த பிறகு வெளிவந்தது. செய்தவர் பலராக இருக்கலாமே, குறையுள்ளவராக இருக்கலாமே என்ற அதே கேள்விகள் அதில் இருக்கின்றன. கூடவே நாம் முன்பு மனத்தில் வைத்துக்கொண்ட இடத்தையும் ஹியூம் தொடுகிறார். கப்பல்களும் வீடுகளும் கட்டப்படுவதைப் பார்த்திருக்கிறோம், உலகங்கள் செய்யப்படுவதை யார் பார்த்தார்கள்? கற்களுக்கு இரண்டு வரிசை உண்டு. பிரபஞ்சத்துக்கு ஒப்பிட இன்னொரு பிரபஞ்சம் இல்லை. செய்யப்பட்ட பிரபஞ்சம் எப்படி இருக்கும், செய்யப்படாதது எப்படி இருக்கும் என்று வகைபிரிக்க நமக்கு வழியே இல்லை. எனக்குத் தெரிந்தவரை, ஆச்சியின் இரண்டாம் படிக்கு எதிரான மிக வலிய தடை இது. இதைத் தாண்டிய வாதத்தை நான் படித்ததில்லை.

ஹியூம் இதை எழுதிய அதே நூற்றாண்டில்தான் சிவஞான முனிவர் எதிர்ப்பக்கத்து வாதத்தைத் தமிழில் செதுக்கிக்கொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் அறிய வாய்ப்பே இருக்கவில்லை. அந்த இருவரும் ஒரு திண்ணையில் உட்கார்ந்து பேசியிருந்தால் நமக்கு எப்பேர்ப்பட்ட நூல் கிடைத்திருக்கும்!

கை தொடாத வடிவங்கள்

உயிர்களைப் பற்றி ஒரு வார்த்தை. களக்காடு முண்டந்துறைக் காட்டின் உச்சிக் கிளைகளில் வாழும் சிங்கவால் குரங்கைப் பார்க்கிறவர்கள், இவ்வளவு பொருத்தமான உடம்பை யாரோ திட்டமிட்டுத்தான் செய்திருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. 1802-இல் வில்லியம் பேலி என்ற ஆங்கிலப் பாதிரியார், கடிகாரத்தைக் கண்டால் கடிகாரம் செய்தவரை நினைக்கிறோமே, உயிர்களைக் கண்டால் நினைக்க வேண்டாமா என்று கேட்டார். 1859-இல் டார்வின் பதில் சொன்னார். பிள்ளைகள் பெற்றோரைப் போலவே இருந்தாலும் சிறு வேறுபாடுகளோடு பிறக்கின்றன. சூழலுக்குப் பொருந்திய வேறுபாடு உள்ளவை அதிகம் பிழைத்துப் பெருகுகின்றன. இது லட்சக்கணக்கான தலைமுறைகள் நடந்தால், திட்டமிட்டதுபோன்ற வடிவம் திட்டமின்றியே வந்துவிடும்.

டார்வின் கடவுளை மறுத்து நிரூபிக்கவில்லை. கடவுளுக்கான ஒரு சாட்சியத்தைச் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கினார், அவ்வளவுதான்.

முதல் நொடியும் ஒரு பாதிரியாரும்

“சரி, பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டு என்று அறிவியலே சொல்கிறதே, அது போதாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. மெய்கண்டாரின் சூத்திரத்துக்கு இது துணை வருவதுபோலவும் தோன்றும். பிரபஞ்சம் சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் மிகச் செறிந்த, மிக வெப்பமான நிலையிலிருந்து விரியத் தொடங்கியது என்பதற்கு இன்று வலுவான சான்றுகள் இருக்கின்றன.

இந்தக் கருத்தை முதலில் முன்வைத்தவர் பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமைத்ர். கத்தோலிக்கப் பாதிரியார், இயற்பியலாளரும்கூட. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதினார். அது ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியது என்று 1931-இல் எழுதினார். 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ், இந்த அறிவியல் படைப்புக்குச் சாட்சி சொல்கிறது என்னும் பொருளில் உரையாற்றினார். மகிழ்ந்திருக்க வேண்டியவர் லெமைத்ர். அவர் மகிழவில்லை, சங்கடப்பட்டார். தன் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்பது, கடவுளை மறுப்பவரும் அதைத் தாராளமாக ஏற்கலாம் என்ற கருத்தை 1958-இல் வெளிப்படையாகவே சொன்னார்.

அவர் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. அறிவியல் கோட்பாடு நாளை திருத்தப்படலாம், அது அதன் குணம். இயற்பியலின் சமன்பாடுகள் அந்த ஆரம்ப கணத்தின் மிக நெருக்கத்தில் வேலை செய்யாமல் நின்றுவிடுகின்றன. ‘தொடக்கம்’ என்று நாம் சொல்வது எல்லாவற்றின் தொடக்கமா, நம் அறிவின் எல்லையா என்று இன்னும் தீரவில்லை. அந்த இடைவெளியில் கடவுளை நிறுத்தினால், இடைவெளி சுருங்கும்போது கடவுளும் சுருங்குவார். ராமானுசருக்கும் லெமைத்ருக்கும் இடையே எண்ணூறு ஆண்டுகள் இருந்தாலும், நம்பிக்கையாளராக நின்றுகொண்டே நிரூபணத்தை வேண்டாம் என்ற துணிவு இருவருக்கும் ஒன்றுதான்.

வேண்டுதலைச் சோதிக்கலாமா?

கடவுளை நேரே சோதிக்க முடியாவிட்டாலும், அவர் உலகில் செய்வதாகச் சொல்லப்படும் சில செயல்களைச் சோதிக்கலாம். அமெரிக்காவில் 6 மருத்துவமனைகளில் இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்காக முகமறியாதவர்கள் பிரார்த்தித்தார்கள், இரண்டாம் குழுவுக்கு இல்லை. தமக்குப் பிரார்த்தனை உண்டா இல்லையா என்று இந்த இரு குழுவினருக்கும் தெரியாது. மூன்றாம் குழுவுக்குப் பிரார்த்தனையும் உண்டு, உண்டென்று சொல்லியும் இருந்தார்கள். 2006-இல் முடிவு வந்தது. சிகிச்சைக்குப் பின் சிக்கல் வந்தவர்கள் முதல் குழுவில் 52 சதவீதம், இரண்டாம் குழுவில் 51 சதவீதம், மூன்றாம் குழுவில் 59 சதவீதம்.

இது பிரார்த்தனை செய்யும் தாயைப் பொய்யாக்கவில்லை. முகமறியாதவர் கேட்டால் கடவுள் கணக்குப் பார்த்துக் குணமாக்குவார் என்ற குறிப்பிட்ட கூற்றைச் சோதித்தது, அது தேறவில்லை. இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர் 1963-இல் இதே மாதிரி ஒரு கதவைத் திறந்து வைத்தார். ஏமாற்ற வழியில்லாத சூழலில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்றார். 1978-இல் அவர் மறையும் வரை அந்தப் பணத்தை யாரும் வெல்லவில்லை.

சோதிக்க முடியாத கூற்றுகளும் உண்டு. வேதசர்மா என்ற பக்தர் இறைவனுக்கு நிவேதனம் செய்யக் காயவைத்த நெல்லைச் சுற்றி மழை பெய்தும் நெல் நனையவில்லை என்பது திருநெல்வேலியின் தல வரலாறு. ஒரே ஒருமுறை, ஒரே ஓர் இடத்தில், அளவுகருவி இல்லாத காலத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியை அறிவியல் ஏற்கவும் முடியாது, பொய் என்று முத்திரை குத்தவும் முடியாது.

2023 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக்குள்ளேயே நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது. வெள்ளம் வடிந்ததும் கோயில் அதே இடத்தில் நின்றது. முருகன் அருள் என்றார்கள் பக்தர்கள். ஆற்றை எதிர்கொள்ளும் முகத்தைப் படகின் முனைபோல் அமைத்த பழைய கட்டடக்காரர்களின் அறிவு என்பார் பொறியாளர். இரண்டையும் ஒருவரே சேர்த்துச் சொல்லலாம், முரண்பாடில்லை. ஆனால் அதே வெள்ளத்தில் வீடும் உயிரும் போனவர்கள் இருக்கிறார்கள். நின்ற கோயிலை அருளுக்குச் சாட்சியாக வைப்பவர், இடிந்த வீட்டையும் அதே கணக்கில் எழுத வேண்டும். எழுதத் தயாரில்லை என்றால் அது சாட்சியம் ஆகாது.

கணினி சரிபார்த்த வாதம்

கண்டு அறிவதை விட்டுவிட்டு, வெறும் சிந்தனையாலேயே கடவுளை எட்ட முடியுமா? 20-ஆம் நூற்றாண்டின் மாபெரும் தருக்க அறிஞர் கூர்ட் கோடல் அப்படி ஒரு நிரூபணத்தை எழுதி வைத்திருந்தார். எல்லா நற்பண்புகளும் நிறைந்த ஒன்று இருந்தே தீரும் என்பது அதன் முடிவு. 2013-இல் பெர்லினையும் வியன்னாவையும் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் அதன் திருத்திய வடிவம் ஒன்றைக் கணினியில் ஏற்றிச் சரிபார்த்தார்கள். கணினி கடவுளை நிரூபித்துவிட்டது என்று செய்தித்தாள்கள் எழுதின.

கணினி சரிபார்த்தது வேறு. நிரூபணம் சில அடிக்கோள்களிலிருந்து, அதாவது நிரூபிக்காமலே ஏற்றுக்கொண்ட தொடக்கக் கூற்றுகளிலிருந்து புறப்படுகிறது. அவற்றை ஏற்றால் முடிவு தவறாமல் வரும் என்பதைத்தான் கணினி உறுதிசெய்தது. அடிக்கோள்கள் உண்மையா என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் அதனால் சொல்ல முடியாது. கோடல் தம் கையால் எழுதிய மூல வடிவத்தின் அடிக்கோள்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்று பின்னர் அதே ஆய்வாளர்களின் கணினியே கண்டுபிடித்தது. தருக்கம் கொடுத்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், கொடுக்காததை உண்டாக்காது.

குருகூரின் பதில்

தாமிரபரணிக் கரையில் ஆழ்வார்திருநகரி. பழைய பெயர் குருகூர், நம்மாழ்வாரின் ஊர். அவருடைய திருவாய்மொழியின் முதல் பதிகத்து ஒன்பதாம் பாசுரம் நம் கேள்வியையே எடுத்துக்கொள்கிறது. கடவுள் உண்டு என்பவர் சுட்டுவது அவனுடைய உருவத்தை. இல்லை என்பவர் சுட்டுவது அவனுடைய அருவத்தை. இரண்டு தன்மையும் அவனுக்கே உரியவை, ஆகவே அவன் எங்கும் ஒழிவின்றி நிறைந்திருக்கிறான் என்பது அதன் கருத்து. எல்லாம் சூனியம் என்றவர்களுக்கு ஆழ்வார் சொன்ன மறுப்பாக இதை உரையாசிரியர்கள் வாசித்தார்கள்.

அறிவியல் படித்தவர் இதை வாசித்தால் உடனே ஒன்றைக் கவனிப்பார். இந்தக் கருத்தை வீழ்த்தக்கூடிய சாட்சியம் எதுவும் இருக்க முடியாது, மறுப்பே அதற்குள் ஓர் உறுப்பாகிவிடுகிறது. அறிவியல் கூற்று என்பது எது நடந்தால் தான் தோற்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றார் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர். ஹம்பித் தூணுக்குள் குடைவு தென்பட்டிருந்தால் முழுக் கல் என்ற முடிவு அன்றே விழுந்திருக்கும். ஆழ்வாரின் கூற்று அப்படி விழாது.

இதைப் பாசுரத்தின் குறையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆழ்வார் கருதுகோள் எழுதவில்லை. தாம் எதை அனுபவித்தாரோ அதிலிருந்து பேசுகிறார். அனுபவித்தவருக்கு அது நிறைவு, அனுபவிக்காதவரைக் கட்டாயப்படுத்தும் வலிமை அதற்கு இல்லை. நிரூபணம் என்பது கட்டாயப்படுத்துவது. இரண்டும் இரண்டு வேலை. ராமானுசர் நம்மாழ்வாரிடம் உருகியவர். திருவாய்மொழிக்கு முதல் உரை எழுதியவர் அவருடைய சீடர் திருக்குருகைப்பிரான் பிள்ளான். பாசுரத்தில் உருகிய அதே மரபுதான் அனுமானத்தால் கடவுளை நிறுவ முடியாது என்றும் எழுதியது. அப்படி எழுதியதால் அவர்களுடைய பக்தி ஒரு துளியும் குறையவில்லை.

ஆகவே, அறிவியல் கடவுளை நிரூபித்துவிட்டது என்று மேடையில் முழங்குபவரையும், அறிவியல் கடவுளை ஒழித்துவிட்டது என்று முழங்குபவரையும் நான் ஏற்பதில்லை. இருவரும் அறிவியல் தராத ஒன்றை அதன் பெயரில் விற்கிறார்கள். கடவுளின் பெயரால் சொல்லப்படும் குறிப்பிட்ட ஒரு கூற்று, இந்த மருந்து குணமாக்கும், இந்தப் பூசை மழை தரும் என்பது போன்ற ஒன்று, வந்தால் அதைத் தயங்காமல் சோதியுங்கள். அங்கே அறிவியலுக்கு முழு அதிகாரம் உண்டு.

பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேச்சுப் போட்டி வைக்கும்போது ஒருமுறை இந்தத் தலைப்பைக் கொடுங்கள். ஒரு மாணவி சிவஞான முனிவரின் பக்கம் பேசட்டும், இன்னொருவர் ராமானுசரின் பக்கம், மூன்றாமவர் ஹியூமின் பக்கம். மாபாடியம் தமிழிலேயே எழுதப்பட்டது, ஸ்ரீபாஷ்யத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்புகள் உண்டு. பிள்ளைகள் வாசித்துவிட்டு வந்து வாதிடட்டும்.